வென்றால் கலையும் அணி

நம் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஆட்டத்தோடு தொடர்பில்லாதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு கல்லூரியின் பெண்கள் அணி பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் மண்டலப் போட்டியில் வென்று, பிறகு மண்டலங்களுக்கு இடையிலான போட்டியிலும் வென்று, பல்கலைக்கழகத்திலேயே முதல் அணி என்று கோப்பை வாங்குகிறது. அத்தோடு அந்த அணி கலைந்துவிடுகிறது. அடுத்த கட்டமான தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போவது கல்லூரி அணி அல்ல, பல்கலைக்கழக அணி. இணைப்பில் உள்ள எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பேர். கோப்பை வென்ற கல்லூரியிலிருந்து மூன்று பேர் போகலாம், நான்கு பேர் போகலாம். மற்றவர்கள் ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு செமஸ்டர் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டியதுதான்.

கடந்த பருவத்தில் ஈரோட்டுப் பக்கம் நான் படித்த கல்லூரியின் அணியை மண்டலப் போட்டியிலிருந்து சென்னை வரை பின்தொடர்ந்தேன். நானும் அதே மைதானத்தில் ஆடியவள்தான். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஆட்டம் இருக்கும் நாளில் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். யார் கூடை போட்டார்கள் என்பதை மேசையில் இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பந்து யார் கையிலிருந்து வந்தது என்பதை நான் எழுதிக்கொள்வேன். அந்தப் பெண்களின் பெயர்களை இங்கே போடப் போவதில்லை. மைதானத்தின் ஓரத்திலிருந்து நாங்கள் கூப்பிடுவதுபோல ஜெர்சி எண்ணிலேயே சொல்கிறேன்.

8-ஆம் எண் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். கவுந்தப்பாடிப் பக்கத்துக் கிராமம். அப்பா கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுபவர். 14-ஆம் எண் பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடும்பம், ஆறடியை எட்டிப் பிடிக்கும் உயரம். 5-ஆம் எண் திருப்பூர்க்காரி, மூலையிலிருந்து மூன்று புள்ளி வீசுவதில் கெட்டிக்காரி. இவளுடைய அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். மூவருக்கும் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகளாக விடுதியில் ஒரே அறை. காலை ஐந்தரைக்கு மைதானம், எட்டு மணிக்கு இட்லி, ஒன்பதரைக்கு வகுப்பு, மறுபடி மாலையில் மைதானம்.

14-ஆம் எண்ணின் வலது கை நடுவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். பெண்கள் ஆட வேண்டியது ஆறாம் அளவுப் பந்து, ஆண்களுடைய ஏழாம் அளவைவிடச் சிறியது, எடையும் குறைவு. அவள் படித்த பள்ளியில் இருந்தது ஏழாம் அளவு ரப்பர் பந்து ஒன்றுதான். மண் தரையில் அதை வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது விரல் முறிந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப்போட்ட விரல் கோணலாகவே கூடிவிட்டது. அதனால் தலைக்கு மேலே வேகமாக வரும் பந்தை அவளால் சரியாகப் பிடிக்க முடியாது. விரலில் பட்டு நழுவும். தரையில் ஒரு முறை குத்தி முழங்கால் உயரத்துக்கு வந்தால் போதும், இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வாள். பிறகு அவளைத் தடுப்பது யாராலும் ஆகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வளையத்தின் உயரம் ஒன்றுதான், 3.05 மீட்டர். அந்த உயரத்தில் போர்டில் பட்டு உள்ளே விழும்படி பந்தை மெதுவாகச் சாய்த்துவிட அவளுக்கு ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

8-ஆம் எண்ணுக்கு இது தெரியும். 14-ஆம் எண் தன்னைத் தடுப்பவளை முதுகால் அடைத்துப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினால், அடுத்த நொடி பந்து தரையில் குத்தி அவளிடம் வரும். வலது கையைத் தூக்கினால் வராது. அது எதிரணியை ஏமாற்றுவதற்கு. இதையெல்லாம் யாரும் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் சேர்ந்து ஆடி, சேர்ந்து தோற்று, தோற்ற இரவில் ஒரே அறையில் தூங்காமல் பேசிப் பேசி வந்தது.

மண்டலப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மண்டலத்தில் போட்டி குறைவு. அரையிறுதியில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்கள். சொல்ல வேண்டியது மண்டலங்களுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பற்றி.

எதிரணி கோயம்புத்தூர்க் கல்லூரி. கோவை கூடைப்பந்தில் ஊறிய நகரம். ஆண்களுக்கான நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கும் அதோடு சேர்ந்து நடக்கும் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கும் நாட்டின் பல மூலைகளிலிருந்து அணிகள் வந்து இறங்கும். மில்லும் பள்ளியும் கல்லூரியுமாக வளர்ந்த ஊர், நல்ல மைதானங்கள், சிறு வயதிலேயே பயிற்சி. அந்த அணியில் தலைவியான 10-ஆம் எண் பள்ளி நாளிலேயே மாநில அணிக்கு ஆடியவள் என்று சொன்னார்கள். கையில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல ஆடுவாள்.

ஆட்டம் சிமெண்ட் தளத்தில், மாலை வெயிலில். மேற்குப் பக்க வளையத்தைப் பார்த்து வீசுபவர்களுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. பந்து கைக்கு வந்தால் இருபத்து நான்கு நொடிக்குள் வீசியாக வேண்டும், அதைக் காட்டும் கடிகாரம் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்ததால், மறுபக்கத்துக்கு ஒரு மாணவர் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பத்து நொடியை உரக்க எண்ணினார். 5-ஆம் எண்ணின் அம்மா அரை நாள் பெர்மிஷனில் வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. 8-ஆம் எண்ணின் அம்மிச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேத்தியின் ஆட்டத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டாவது கால் பகுதி முடிந்ததும் என் கையைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, எங்கள் பாப்பா ஏன் தானே போடாமல் எல்லாவற்றையும் அடுத்தவளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறாள்?”

அதுதான் அவள் வேலை என்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. அந்தக் கேள்வியைப் பிறகு நான் நிறைய நினைத்துக்கொண்டேன். அதிகாரபூர்வ ஸ்கோர் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் புள்ளிக்கு இடம் உண்டு, ஃபவுலுக்கு இடம் உண்டு, டைம் அவுட்டுக்குக்கூட இடம் உண்டு. பாஸுக்கு இடம் கிடையாது. பெரிய போட்டிகளில் தனியாகப் புள்ளிவிவரக் குழு உட்கார்ந்து பாஸையும், விழாமல் துள்ளி வரும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டையும் பதிவு செய்யும். நம் கல்லூரிப் போட்டிகளுக்கு அப்படி ஒரு குழு வருவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எஞ்சுவது அந்த ஒரு தாள்தான்.

கடைசிக் கால் பகுதியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது 48–48. பந்து 8-ஆம் எண் கையில். எதிரே 10-ஆம் எண், கைகளை விரித்து, கிட்டத்தட்ட முகத்தோடு முகமாக நின்றாள். ஸ்டாப்வாட்ச் மாணவர் எண்ணத் தொடங்கிவிட்டார். பத்து, ஒன்பது, எட்டு. 8-ஆம் எண் அசையவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே மூலையில் நின்ற 5-ஆம் எண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே எதிரணியில் இரண்டு பேர் மூலைப் பக்கம் சாய்ந்தார்கள். வளையத்துக்குக் கீழே இடது கை ஒன்று உயர்ந்தது. 10-ஆம் எண்ணின் முழங்காலை உரசிக்கொண்டு பந்து தரையில் குத்திப் போனது. 8-ஆம் எண் கடைசி வரை மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 14-ஆம் எண் அள்ளினாள், ஓர் அடி வைத்தாள், போர்டில் சாய்த்தாள். 50–48.

அடுத்து எதிரணி வீசிய பந்து வளையத்தில் பட்டுத் துள்ளியது. அத்தனை உயரமானவர்களுக்கு நடுவில் அதை எடுத்தது 8-ஆம் எண். அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்தக் கால் பகுதியில் எதிரணிக்கு அது ஐந்தாவது ஃபவுல் என்பதால் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது. 51–48.

அம்மிச்சி எழுந்து நின்று கைதட்டினார். என் குறிப்பேட்டில் 8-ஆம் எண்ணுக்கு நேராக இருந்தது நான்கு புள்ளி. அவள் கொடுத்த பாஸில் விழுந்த கூடை பதினொன்று. ஸ்கோர் தாளில் அந்த நான்கு மட்டும்தான் இருந்தது.

அடுத்த வாரம் பல்கலைக்கழக அணித் தேர்வு. எங்கள் அணியிலிருந்து 14, 5, இன்னொரு முன்கள வீராங்கனை என மூன்று பேர் எடுக்கப்பட்டார்கள். 8-ஆம் எண்ணைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தார்கள். பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கும் பாயிண்ட் கார்டு இடத்துக்கு 10-ஆம் எண்ணும், அவளைவிட உயரமான இன்னொருத்தியும். தேர்வாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே நாளில் அத்தனை கல்லூரிப் பெண்களையும் பார்த்துப் பன்னிரண்டு பேரை முடிவு செய்ய வேண்டும். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, புள்ளி தாளில் தெரிகிறது. 10-ஆம் எண் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தேர்வு நாளில் ஆட விட்டது அன்று காலையில் பிரித்த கலப்பு அணிகளாக. யார் யாரென்று தெரியாத நான்கு பேரோடு பத்து நிமிடம் ஆடும்போது, சேர்ந்து ஆடுவதையே திறமையாகக் கொண்ட ஒரு பெண் எதைக் காட்டுவாள்? எங்கள் பி.டி. மேடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தார். பட்டியல் மாறவில்லை.

ஒரு போட்டிக்குப் போகாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே கேட்டார்கள். படிவம் 3 என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்குக் கொடுப்பது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. சென்னையில் பிறந்து 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியாகி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரைக்கு வாழ்க்கை கொடுத்ததும் தெற்கு ரயில்வே வேலைதான். இறுதியாண்டு வந்ததும் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்த வீடுகளில் ஒரு வேலை உத்தரவு வந்து விழுந்தால் பேச்சே மாறிவிடும். கல்லூரி அணிக்கு எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தாலும் அதற்குப் படிவம் 3 கிடைக்காது.

பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாறு தெரிந்தால் இந்த வருத்தம் இன்னும் கூடும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். ஓராண்டு ஆவதற்குள் பக்கத்து ஊரின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவிகளிடம் கொண்டுபோனார். பெண்கள் அதிகம் ஓடினால் உடம்பு தாங்காது என்று அன்றைக்கு நம்பியதால், அவருடைய விதியில் மைதானம் மூன்று பகுதி. ஒரு பகுதியில் நிற்பவள் கோட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது. 1896 ஏப்ரல் 4 அன்று ஸ்டான்ஃபோர்டு மாணவிகளும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவிகளும் சான்பிரான்சிஸ்கோவில் ஆடினார்கள். கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பெண்கள் ஆட்டம் அதுதான் என்கிறார்கள். ஆண் பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. ஸ்டான்ஃபோர்டு 2–1 என்று வென்றது. ஆக, ஆட்டம் பிறந்ததிலிருந்தே பெண்களின் கூடைப்பந்துக்குக் கல்லூரிதான் வீடு.

அமெரிக்காவில் அந்த வீட்டைக் கலைக்கவில்லை. அங்கே பருவம் முடிந்து வரும் தேசியப் போட்டிக்குக் கல்லூரி முழுதாகப் போகிறது, தன் பெயரோடு, தன் பன்னிரண்டு பதினைந்து பேரோடு, ஊர்க்காரர்களோடு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கு அந்தப் போட்டியை 1982-இல்தான் தொடங்கியது, ஆண்களுக்கு 1939-லேயே இருந்தது. 2024-இல் 68 அணிகள். தோற்றால் வீடு. எங்கள் விடுதிப் பெண்கள் ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய துண்டுக் காட்சிகளைக் கைப்பேசியில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அவளுடைய அணி 2023-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 102–85 என்றும், 2024-இல் சவுத் கரோலினாவிடம் 87–75 என்றும் இறுதி ஆட்டத்தில் தோற்றது. அந்த 2024 ஆட்டத்தை அமெரிக்காவில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சராசரியாக 1.89 கோடி பேர். ஆண்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அது அதிகம். 5-ஆம் எண் ஒரு நாள் கேட்டாள்: “அக்கா, ஐயோவாவில் வென்ற பிறகு அவளைப் பிரித்து வேறு அணியில் போட மாட்டார்களா?” மாட்டார்கள் என்றேன். அவள் திரும்பி 8-ஆம் எண்ணைப் பார்த்தாள்.

பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாம் கோவையில் பத்து நாள் நடந்தது. பிறகு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைப் பயணம். அந்த ரயில் ஈரோட்டுக்கு வரும்போது நள்ளிரவு ஆகிவிடும். நானும் ஈரோட்டில்தான் ஏற வேண்டும். நடைமேடைக்குப் போனால், அங்கே 8-ஆம் எண் நின்றிருந்தாள். கவுந்தப்பாடியிலிருந்து அப்பாவின் டிவிஎஸ் 50-இல் வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி நிறைய எள்ளுருண்டை, வீட்டு நாட்டுச் சர்க்கரையில் பிடித்தது. அவளுடைய அப்பா கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

ரயில் வந்தது. 14-ஆம் எண்ணும் 5-ஆம் எண்ணும் கதவருகே ஓடி வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், எள்ளுருண்டையை வாங்கினார்கள். 8-ஆம் எண் அதோடு நிற்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து 10-ஆம் எண்ணைக் கூப்பிட்டாள். இறுதி ஆட்டத்தில் தன் முகத்துக்கு நேராக நின்ற அதே பெண்ணை. அவள் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள்.

“அவளுக்கு மேலே கொடுக்காதே. விரல் சரியில்லை, ஆனால் அவளாகச் சொல்லமாட்டாள். தரையில் குத்திக் கொடு. இடது கை தூக்கினால் மட்டும் கொடு.”

10-ஆம் எண் தலையாட்டினாள். சிக்னல் விழுந்துவிட்டது, ரயில் நகர்ந்தது. முகாமில் பத்து நாள் சேர்ந்து ஆடியும் 14-ஆம் எண் தன் விரலைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் எங்கே அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

தென் மண்டலம் என்றால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள். போட்டியை நடத்தும் பொறுப்பு 1925-இல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தினுடையது. முதலில் தோற்றால் வெளியேறும் சுற்றுகள், எஞ்சும் நான்கு அணிகளுக்கு லீக். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். சென்னையில் ஆட்டம் உள்ளரங்கில், மரத்தளத்தில். சிமெண்டில் ஆடிப் பழகிய எங்கள் பெண்களுக்கு முதல் ஆட்டத்தில் கால் நிற்கவில்லை. நடுநடுவே குனிந்து ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே ஆடினார்கள். அப்படியும் எளிதாக வென்றுவிட்டார்கள், எதிரணி அவ்வளவு பலமில்லை.

இரண்டாவது ஆட்டம் கர்நாடகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு. முதல் கால் பகுதியில் 14-ஆம் எண்ணுக்கு மூன்று பந்து மேலே வந்தது, மூன்றும் நழுவியது. கொடுத்தது 10-ஆம் எண் அல்ல, மற்ற கார்டு. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேனேஜராக வந்திருந்த மேடம் 14-ஆம் எண்ணை வெளியே உட்காரவைத்தார். அவள் துண்டால் தலையை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து நான் எதையும் சொல்ல முடியாது. டைம் அவுட்டில் 10-ஆம் எண் கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள். கீழே, தரையைக் காட்டினாள். மூன்றாவது கால் பகுதியில் 14 மறுபடி இறங்கினாள். இடது கை உயர்ந்தது. பந்து தரையில் குத்தி வந்தது, கொஞ்சம் அகலமாக, எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. விழுந்தது. அடுத்தது இன்னும் சரியாக வந்தது. ஆட்டம் முடியும்போது 58–54, எங்கள் பக்கம். 10-ஆம் எண் ஓடிவந்து 14-ஆம் எண்ணின் கோணல் விரலைப் பிடித்துக் குலுக்கினாள். எதிரணியாகப் பார்த்தபோது அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு அவளுக்காக நான் சத்தம் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாவது ஆட்டத்தில் கேரளத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் 71–49 என்று தோற்றோம். வென்றிருந்தால் கடைசி நான்கில் இடம். தோல்விக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே தெரிந்தது. அந்த அணியில் பெரும்பாலோர் ஒரே கல்லூரி, ஒரே விளையாட்டு விடுதி. பந்து கையை விட்டுப் போகும்போது வாங்க வேண்டியவள் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டாள். பந்து போய்ச் சேரும்போது அங்கே இருப்பாள். எங்கள் பெண்கள் ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால் நிமிர்ந்து பார்த்தார்கள். யார் எங்கே நிற்கிறாள் என்று தேடினார்கள். அந்த அரை நொடியில் ஆட்டம் போய்விட்டது. எங்கள் பெண்களின் ஓட்டத்திலோ, குதிப்பிலோ, வீச்சிலோ குறை ஒன்றும் இல்லை. 5-ஆம் எண் அன்றைக்கு ஐந்து முறை மூன்று புள்ளி போட்டாள்.

இந்தப் போட்டியில் இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் மோதுகின்றன என்பதை நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அணித் தேர்வு ஒரே நிறுவனத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வகையில் கல்லூரி அணியும் பல்கலைக்கழக அணியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டு முழுக்க ஒன்றாகவே பயிற்சி செய்யலாம். நம்முடையதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகம், போட்டிக்குப் பத்து நாள் முன்பு அணியைத் திரட்டுகிறது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே களத்தில். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அணி உருவாகும் விதம் ஒன்றில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இறுதி ஆட்டத்தில் வென்ற கல்லூரியிலிருந்து முதல் ஐந்து பேரை அப்படியே பல்கலைக்கழக அணியின் அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். மீதி ஏழு இடங்களுக்குத் தேர்வு நடத்தலாம். முகாமைப் பத்து நாளிலிருந்து ஒரு மாதமாக்கலாம். செலவு கூடும் என்பார்கள். பன்னிரண்டு பெண்களுக்கு இருபது நாள் சாப்பாடும் தங்குமிடமும் ஒரு பல்கலைக்கழகத்தால் முடியாத செலவல்ல. விடுதி அறைகள் செமஸ்டர் விடுமுறையில் காலியாகத்தான் கிடக்கின்றன. அதுவும் முடியாவிட்டால், கல்லூரிப் போட்டிகளில் பாஸையும் ரீபவுண்டையும் பதிவு செய்ய இரண்டு மாணவிகளை உட்காரவைக்கலாம். இரண்டு பேர், ஒரு தாள், ஒரு பேனா. தேர்வாளர் கையில் அந்தத் தாளும் இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் கல்லூரி அணி முழுதாக மறுபடி ஆடியது ஓர் அழைப்புப் போட்டியில், பொங்கலுக்குப் பிறகு. பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் போட்டிகளை விட்டால், தனியார் நடத்தும் அழைப்புப் போட்டிகளில்தான் கல்லூரிகள் தம் பெயரில் ஆட முடியும். எந்தப் படிவமும் கிடையாது, சுழற்கோப்பையும் கொஞ்சம் ரொக்கமும்தான். கால் இறுதியில் தோற்றார்கள், ஆனால் அழகாக ஆடித் தோற்றார்கள். 14-ஆம் எண் இடது கையைத் தூக்கும்போதெல்லாம் பந்து வந்தது. 10-ஆம் எண் தன் ஸ்கூட்டரில் வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பாஸுக்கு “இதை எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். சொல்லிக்கொடுத்து வராது என்றேன்.

மே மாதம் மூன்று பேருக்கும் பி.காம். முடிந்தது. 14-ஆம் எண் படிவம் 3-ஐ வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். 5-ஆம் எண் அம்மாவின் கம்பெனிக்கு வேலைக்குப் போக மறுத்துவிட்டு எம்.காம். சேர்ந்திருக்கிறாள், ஆடுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும் என்பதற்காகவே. அடுத்த பருவத்திலும் மூலையில் நின்று வீசுவாள். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறவள் இப்போது முதலாண்டு, கோபிப் பக்கம், வேகம் இருக்கிறது, பொறுமை வர வேண்டும்.

8-ஆம் எண்ணுக்கு வீட்டில் ஜாதகம் எடுத்தார்கள். அம்மிச்சிதான் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டேன். “பாப்பா இன்னும் கொஞ்ச நாள் பந்து போடட்டும்” என்றாராம். இப்போது அவள் பி.பி.எட். சேர்ந்திருக்கிறாள். உடற்கல்விக் கல்லூரிகள் நம் பல்கலைக்கழகத்தில் வராது, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெண்கள் அணி உண்டு, அதற்கும் தேர்வு உண்டு. வயது வரம்பு 25, அவளுக்கு இப்போது 21. போன வாரம் போனில் பேசும்போது என் குறிப்பேட்டில் அவளைப் பற்றி இருப்பதைக் கேட்டாள். மூன்று பருவத்துக் கணக்கையும், எந்த ஆட்டத்தில் எத்தனை பாஸ், எத்தனை கூடை என்று தட்டச்சு செய்து, எங்கள் பி.டி. மேடத்திடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். தேர்வு அடுத்த மாதம்.